இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க

நான் செவிலியராக வேலைக்குச் சேர்ந்த 1984-இல் அறுவை சிகிச்சைக்கான சம்மதம் என்பது இரண்டே வரி. கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்துவோம். அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் சம்மதிக்கிறேன், என்ன நேர்ந்தாலும் டாக்டரோ ஆஸ்பத்திரியோ பொறுப்பில்லை என்று அதில் இருக்கும். கீழே கையெழுத்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கைநாட்டு. தென்மாவட்டம் ஒன்றின் தலைமை மருத்துவமனை அது. எனக்குப் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டு. அங்கே பெரும்பாலும் கைநாட்டுதான். மைப்பெட்டி காய்ந்துபோனால் ஆயாம்மா இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நனைத்து வைப்பார். பெண்கள் கட்டைவிரலை அழுத்திவிட்டு, மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படுக்கைக்குப் போவார்கள்.

அவர்களிடம் யாரும் எதையும் விளக்கியதில்லை. "வயித்துல கட்டி இருக்கும்மா, எடுத்துரணும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன கட்டி, எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்த பிறகு உடம்பு எப்படி இருக்கும் என்றெல்லாம் நோயாளியும் கேட்கமாட்டார். கேட்பது டாக்டரை அவமதிப்பது என்று நினைத்த காலம். அப்படியும் யாராவது வாய் திறந்தால், "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று பதில் வரும். வார்டே சிரிக்கும். அந்தப் பெண் மட்டும் சிரிக்கமாட்டாள்.

குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையில்தான் இது உச்சத்தில் இருந்தது. மாவட்டத்துக்கு இவ்வளவு, வட்டாரத்துக்கு இவ்வளவு, கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று இலக்கு வைத்திருந்தார்கள். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் எங்கள் வார்டில் தரையில்கூடப் பாய் விரித்திருக்கும். பிரசவமான இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பெண்ணின் பெயர் தியேட்டர் பட்டியலில் ஏறிவிடும். முடிவெடுப்பவர்கள் கணவனும் மாமியாரும். "போதும்னு நாங்க முடிவு பண்ணிட்டோம் சிஸ்டர்" என்று மாமியார் சொல்லுவார். பெற்றவள் பக்கத்திலேயே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் அதே விருப்பமாக இருந்திருக்கலாம். ஆனால் அவளிடம் கேட்டவர் யாருமில்லை. 1996 ஏப்ரலில் மத்திய அரசு அந்த இலக்கு முறையைக் கைவிட்டது. அதற்குள் எத்தனை பெண்களின் கட்டைவிரல் அந்த மைப்பெட்டியில் பதிந்திருக்கும்!

அதே வார்டில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அவரைப் பற்றி எழுதத்தான் இதைத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மாலை நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருவார். ஓ.பி. சீட்டைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் பேனாவால் படம் போடுவார். "இது கர்ப்பப்பை. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு குழாய். கடைசியில இருக்கற இந்த ரெண்டுந்தான் சினைப்பை. நாளைக்கு நான் தொடப்போறது இந்த இடத்தை மட்டும்." சொல்லி முடித்ததும் பேனாவை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிடுவார். "இப்ப நான் என்ன செய்யப்போறேன்னு நீ எனக்குச் சொல்லு, பாப்போம்." பேனாவையே பிடித்தறியாத பெண்கள், படத்தில் விரல் வைத்துத் திக்கித் திணறிச் சொல்வார்கள். சொன்னது சரியாக இருந்தால்தான் ஸ்டாம்பு குத்தச் சொல்லி என்னைப் பார்ப்பார். தப்பாக இருந்தால் மறுபடி இன்னொரு படம்.

சில பெண்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல யோசிச்சுட்டு வர்றேன் டாக்டரம்மா" என்று கிளம்பியதுண்டு. அவர் கோபித்துக்கொள்ளாமல் வேறொரு தேதி எழுதிக் கொடுப்பார். மறுநாள் பட்டியலில் எண்ணிக்கை குறைந்ததற்கு மேலதிகாரிகளிடம் திட்டு வாங்குவார். இப்படி உட்கார்ந்து விளக்கவேண்டும் என்று அன்று அவருக்கு யாரும் உத்தரவு போட்டிருக்கவில்லை. நோயாளியின் உடம்பு நோயாளிக்குச் சொந்தம் என்று அவர் நினைத்தார், அதனால் செய்தார்.

1995 நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை 1986-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களுக்கு இது பொருந்தாது என்பதால் அரசு மருத்துவமனையில் இருந்த எங்களை நேரடியாகத் தொடவில்லை. ஆனாலும் டியூட்டி ரூமில் அன்று வேறு பேச்சே இல்லை. தனியாகக் கிளினிக் வைத்திருந்த மருத்துவர்கள் கலங்கிப்போனார்கள். நம்பிக்கையில் நடக்கிற தொழில் இனி கடைவியாபாரம் ஆகிவிடும் என்று வருந்தினார்கள். அந்த வருத்தம் முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அநியாயமாகக் கர்ப்பப்பையை இழந்த ஒரு பெண் முறையிட, எளிதில் எட்டக்கூடிய ஓர் இடம் அதுவரை எங்கே இருந்தது? அந்தத் தீர்ப்பை நான் அன்றும் வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன்.

அதன் பிறகுதான் காகிதம் பெருகியது. இரண்டு வரி ஒரு பக்கமானது. ஒரு பக்கம் நாலு பக்கமானது. மயக்க மருந்துக்குத் தனிப் படிவம், ரத்தம் ஏற்றத் தனிப் படிவம், ஐ.சி.யூ.வில் சேர்க்கத் தனிப் படிவம். பாதியில் வீட்டுக்குக் கூட்டிப்போவதானால் 'எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக் கொடுக்க இன்னொன்று. இவற்றில் பலவும் நோயாளிக்குப் புரியவைக்க எழுதியவை அல்ல, நாளைக்கு வழக்கு வந்தால் காட்டுவதற்காக எழுதியவை என்பது படித்துப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் ஆங்கிலம். எங்கள் டாக்டரம்மா ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் முடித்த வேலையை இந்தப் பக்கங்கள் எல்லாம் சேர்ந்தும் முடிக்கவில்லை.

நீதிமன்றம் கேட்டது இந்தக் காகிதத்தை அல்ல. 2008 ஜனவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிகழ்ந்தது 1995-இல், தில்லியில். 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண் அதிக ரத்தப்போக்கு என்று மருத்துவரிடம் போகிறார். வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்குக் கையெழுத்துப் போடுகிறார். மயக்கத்தில் இருக்கும்போது உதவி மருத்துவர் வெளியே வந்து, அங்கே உட்கார்ந்திருந்த அவருடைய தாயிடம் கையெழுத்து வாங்குகிறார். கண் விழித்தபோது அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையும் இல்லை, சினைப்பைகளும் இல்லை.

அவர் பல வருடம் போராடினார். தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம்தான் அவர் பக்கம் நின்றது. நோயாளி வயதுவந்தவர், நல்ல மனநிலையில் இருப்பவர். சிறிது நேரம் மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அவருக்குப் பதில் தாய் சம்மதம் தர முடியாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து கேட்க வேண்டும் என்றது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்றது. என்ன செய்யப்போகிறோம், எதற்காக, அதனால் என்ன பயன், வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்று நோயாளி முடிவெடுக்கப் போதுமான அளவு சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு நீதிமன்றம் தந்த இழப்பீடு 25,000 ரூபாய். இழந்ததற்கு அது ஈடாகுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் போராடி வாங்கித் தந்த விதி நம் எல்லோருக்குமானது.

அந்த விதி வந்து இத்தனை வருடம் ஆன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அண்ணன் மனைவியை, என் மதினியை, பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி. மாதாமாதம் ரத்தப்போக்கால் ரத்தசோகையாகி, படியேறினால் மூச்சு வாங்கும். வயது 46. கர்ப்பப்பையை எடுப்பது என்று முடிவாகி, காப்பீட்டுக் கவுன்ட்டரில் எழுத்து வேலையும் முடிந்திருந்தது. நான் ஓய்வு பெற்றவள் என்பதால் உடன் இருந்தேன்.

சாயங்காலம் ஒரு இளம் செவிலியர் கோப்போடு வந்தார். பக்கம் பக்கமாக ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. அதை மதினியிடம் நீட்டவில்லை, அண்ணனிடம் நீட்டினார். "சார், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் இங்க. அடுத்த பக்கத்துலயும்." அண்ணனும் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். கட்டிலில் இருந்த மதினி என்னைப் பார்த்து, "என்னத்தா எழுதிருக்கு அதுல?" என்று கேட்டார்.

வாங்கிப் பார்த்தேன். செய்யப்போகும் அறுவை சிகிச்சை என்ற இடத்தில் கையால் எழுதியிருந்தது: டி.ஏ.எச்., பி.எஸ்.ஓ. முதலாவது, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுப்பது. இரண்டாவது, இருபக்கக் குழாய்களையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது. "மதினி, சினைப்பையையும் எடுக்கப்போறாங்கன்னு உங்ககிட்டச் சொன்னாங்களா?" என்றேன். "கர்ப்பப்பைன்னுதான சொன்னாக?" என்றார். ஸ்கேன் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சினைப்பைகளும் இயல்பாக இருப்பதாகத்தான் எழுதியிருந்தது.

மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஹார்மோன் ஒரேயடியாக நின்றுபோகும். உடல் கொதிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம், இதயத்துக்கு வரும் பாதிப்பு எல்லாம் முன்கூட்டியே வரக்கூடும். எடுக்க வேண்டிய காரணம் சிலருக்கு இருக்கும், குடும்பத்தில் புற்றுநோய் இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தக் காரணம் இவருக்கு உண்டா என்பதுதான் கேள்வி. டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்த இளம் செவிலியர் முகம் சுளிக்காமல் போய்ச் சொன்னார். அவரைப் பாராட்ட வேண்டும். தியேட்டரில் இருந்து நேராக வந்த டாக்டர் நின்றபடியேதான் பேச ஆரம்பித்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். பின்னாளில் சினைப்பையில் கட்டியோ புற்றுநோயோ வராமல் இருக்கச் சேர்த்தே எடுப்பது தன் வழக்கம் என்றார். விட்டுவைத்தால் என்ன, எடுத்தால் என்ன என்று இரண்டு பக்கத்தையும் தமிழில் நிதானமாகச் சொன்னார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். மதினி கேட்டுவிட்டு, "நல்லா இருக்கறத விட்ருங்க டாக்டர்" என்றார். டாக்டர் பி.எஸ்.ஓ. என்பதை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, கோப்பை மதினியிடமே கொடுத்தார்.

ஒரு பெண்ணின் உடம்பில் எது இருக்கும், எது போகும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் மாறியது. நான் செவிலியராக இல்லாமலிருந்தால் அந்த ஆறு எழுத்துகளைப் படித்திருக்கமாட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த மருத்துவர் கெட்டவர் அல்ல, கேட்டதும் வந்து விளக்கினாரே! கேட்காமலே விளக்கியிருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது பற்றி உச்ச நீதிமன்றமே 2023 ஏப்ரலில் பேச வேண்டியிருந்தது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காக ஏழைப் பெண்களுக்கு இப்படிச் செய்ததாக வந்த பொதுநல வழக்கு அது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

கணவரின் கையெழுத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் நிறைய. கருக்கலைப்புக்கு 1971-ஆம் வருடச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவரோ தகப்பனாரோ வர வேண்டியதில்லை. சட்டம் கேட்காததை மருத்துவர்கள் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கும் துணைவரின் சம்மதம் தேவையில்லை என்பதே அரசின் வழிகாட்டு நெறி. ஆனால் மருத்துவர்களுக்கான 2002-ஆம் வருட நடத்தை விதிகளில், பிள்ளைப்பேற்றை இல்லாமல் ஆக்கக்கூடிய அறுவை சிகிச்சைக்குக் கணவன், மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு பக்கம் வேண்டாம், இன்னொரு பக்கம் வேண்டும். மருத்துவர் எதற்குப் பயப்படுவார்? கணவரையும் கூட்டிவரச் சொல்லிவிடுவார். கணவனை விட்டுப் பிரிந்து வாழும் பெண்ணோ, அவனுடைய அடிக்குப் பயந்து ஒளிந்து வாழ்பவளோ யாரைக் கூட்டிவருவாள்? அந்த வரியைத் திருத்த வேண்டும்.

மாறியிருப்பவையும் உண்டு. அன்று விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு தனியார் மருத்துவமனைக்கு ஓடினால், போலீஸ் கேஸ், ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்க என்று வாசலிலேயே திருப்புவார்கள். எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஸ்ட்ரெச்சரில் உயிர் போயிருக்கும். உயிரைக் காப்பது முதல் கடமை, போலீஸ் நடைமுறை பிறகு என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னது ஊருக்கு வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. இன்று தமிழ்நாட்டில், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு நடந்ததும் அப்படித்தான். இந்தியாவில் முதன்முதலாக அந்தத் தொற்றை 1986-இல் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழு. அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் வார்டுகளில் கேஸ் ஷீட்டின் மேலட்டையிலேயே சிவப்பு மையில் எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. துப்புரவுப் பணியாளர் முதல் பக்கத்துக் கட்டிலின் உறவினர்வரை எல்லோரும் அதைப் படித்தார்கள். ஊருக்குச் செய்தி போனது. மனைவி குழந்தைகளோடு ஊரை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். 2017-ஆம் வருடச் சட்டம் அப்படி வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது. சிவப்பு மை போய்விட்டது. ஆனால் நோயாளியின் ஸ்கேனும் முகமும் இன்று ஒரு கைபேசியில் இருந்து இன்னொரு கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் போய்க்கொண்டிருக்கின்றன. அதையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

மருத்துவர்களின் பயத்தையும் நான் அறிவேன். புறநோயாளிப் பிரிவில் காலையிலிருந்து தலை நிமிராமல் பார்த்தாலும் வரிசை குறையாது. அதில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் எங்கே கிடைக்கும்? மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அப்படியும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளியின் மகன் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். அதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. அரசு இன்னும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் நியமிக்க வேண்டும், விளக்கிச் சொல்வதையும் சிகிச்சையின் பகுதியாகக் கணக்கிட்டு அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். படிவங்கள் தமிழில் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை, நாளைக்கு உங்களிடமோ உங்கள் அம்மாவிடமோ யாராவது கோப்பை நீட்டினால் அவசரப்பட்டுப் பேனாவை எடுக்காதீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள், ஏன், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சுருக்கெழுத்து இருந்தால் விரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்து நோயாளியுடையதாக இருக்கட்டும். கேஸ் ஷீட்டின் நகலை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002-ஆம் வருட விதிகளில் இருக்கிறது. மூன்று வருடம் வரைதான் அதைப் பாதுகாக்கும் கடமை அவர்களுக்கு. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட உங்களுக்கு இருப்பது இரண்டு வருடம். வீடு திரும்பிய வாரமே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்.